ஐப்பசி மழையும் நாலு டயரும்

விருதுநகர்ச் சீமைக்கு மழை என்பது தூர தேசத்து மாப்பிள்ளை மாதிரி. வருஷத்துக்கு ஒரு தடவைதான் வருவார். வந்தால் வீடே அமளிதுமளிப்படும். வருஷம் முழுவதும் சேர்த்துப் பார்த்தால் ஏறக்குறைய 800 மில்லிமீட்டர் மழை. அதிலே பாதியளவு ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களுக்குள் கொட்டித் தீர்த்துவிடும். மற்ற மாதங்களில் வானத்தை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிப்பதுதான் மிச்சம். மேற்கே நிற்கிற மலைத் தொடர், ஆடி மாதத்து மேகங்களையெல்லாம் மறித்து மலையாள தேசத்திலேயே இறக்கிக்கொள்கிறது. இந்தப் பக்கத்துக்கு வருவது வெறும் காற்று.

ஆனால் பாருங்கள், அந்த வறட்சிதான் சிவகாசிக்குச் சோறு போட்டது! அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரண்டு இளைஞர்கள் 1922-ல் கல்கத்தாவுக்கு ரயிலேறிப் போய், தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு மறு வருஷம் ஊர் திரும்பினார்கள். அவர்கள் கொண்டுவந்த வித்தைக்கு வேண்டிய முதல் சரக்கு வெயில். குச்சி காய வேண்டும், பெட்டி காய வேண்டும், மருந்து காய வேண்டும். வெயிலைச் சும்மா கொடுக்கிற ஊரில் அந்தத் தொழில் வேரூன்றியதில் என்ன ஆச்சரியம்? தீப்பெட்டிக்குப் பின்னால் மத்தாப்பு வந்தது. மத்தாப்புக்குப் பின்னால் பட்டாசு. பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் லேபிள் ஒட்ட வேண்டுமே என்று அச்சுக்கூடங்கள். 'குட்டி ஜப்பான்' என்று பெயர் வாங்கிய கதை இதுதான்.

வேடிக்கை என்னவென்றால், பத்து மாதம் வெயிலில் காய வைத்துச் செய்த சரக்கை ஊரார் வாங்க வருகிற நேரம் ஐப்பசி அடைமழை நேரம்! தீபாவளிக்கு முந்தைய இரண்டு மூன்று வாரங்களில் சிவகாசிச் சாலைகளைப் பார்க்க வேண்டும். மதுரையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் குடும்பம் குடும்பமாகக் கார்கள் வந்து நிற்கும். ஏன் காரில் வருகிறார்கள்? ரயிலில் பட்டாசு கொண்டுபோவது குற்றம். பஸ்ஸிலும் ஏற்றக் கூடாது. இணையத்தில் பட்டாசு விற்பதற்கு 2018-ல் சுப்ரீம் கோர்ட் தடை போட்டது. ஆகவே, 'சிவகாசியிலேயே நேரில் பார்த்து வாங்கிவிட்டால் நாலு காசு மிச்சம்' என்று எண்ணுகிற குடும்பத்துக்குச் சொந்தக் காரோ வாடகைக் காரோதான் கதி.

அந்தப் பிரயாணத்தைப் பற்றித்தான் உங்களோடு பேச வேண்டும். என்ன வெடி வாங்கலாம் என்று நான் சொல்லப்போவதில்லை; அதற்கு உங்கள் வீட்டுக் குழந்தைகள் இருக்கிறார்கள். நான் பேசப்போவது காரின் அடியில் இருக்கிற நாலு கறுப்பு வளையங்களைப் பற்றி. முகம் சுளிக்காதீர்கள், சகோதரிகளே. உளுந்தை உள்ளங்கையில் போட்டுப் பார்த்து வாங்குகிறவர்கள் நீங்கள்; பட்டுப் புடவையை வெளிச்சத்தில் பிடித்துச் சரிகையைச் சோதிக்கிறவர்கள். டயர் வாங்குகிற காரியத்தை மட்டும், 'அதெல்லாம் ஆண்பிள்ளைகள் சமாசாரம்' என்று விட்டுவிடலாமா? அந்த நாலு டயரின் மேலே உட்கார்ந்து போவது உங்கள் குழந்தைகள் அல்லவா?

ஒரு டயர் தரையைத் தொடுகிற இடம் எவ்வளவு தெரியுமா? கிட்டத்தட்ட ஓர் உள்ளங்கை. ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டி, அதில் ஐந்து பேர், பின்னால் பட்டாசுப் பெட்டிகள், அத்தனையையும் நாலு உள்ளங்கைகள் தாங்குகின்றன. பிரேக் போட்டால் நிறுத்துவதும், ஸ்டீயரிங்கைத் திருப்பினால் திருப்புவதும் அந்த நாலு உள்ளங்கைகள்தான்.

காய்ந்த சாலையில் அவை தரையைக் கெட்டியாகப் பற்றிக்கொள்ளும். மழைச் சாலையில் முதலில் தண்ணீரைத் தள்ளிவிட்டு, அப்புறம்தான் தரையைத் தொட முடியும். எவ்வளவு தண்ணீர்? ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். டயர் தரையில் பதிகிற அகலம் 15 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாலையில் 3 மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிற்கிறது. கார் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அதாவது ஒரு விநாடிக்கு 22 மீட்டர். பெருக்கிப் பார்த்தால், ஒவ்வொரு விநாடியும் ஒவ்வொரு டயரும் 10 லிட்டர் தண்ணீரை ஒதுக்கித் தள்ள வேண்டியிருக்கிறது. விநாடிக்கு ஒரு சின்னக் குடம்! குடத்துக்காகத் தெருக்குழாயில் காத்து நிற்கிற ஊரில் இந்தக் கணக்கைச் சொன்னால் யார் நம்புவார்கள்?

டயரின் மேலே கோடு கோடாக வெட்டியிருக்கிறதே, அது அலங்காரத்துக்கு அல்ல. அவையெல்லாம் வாய்க்கால்கள். அந்த விநாடிக்கு ஒரு குடம் தண்ணீர் ஓடி வெளியேறுவதற்கு வெட்டிய வாய்க்கால்கள். புது டயரில் அந்த வாய்க்கால் ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் ஆழம் இருக்கும். தேயத் தேய வாய்க்கால் தூர்ந்துபோகிறது. தூர்ந்த வாய்க்காலில் வெள்ளம் வந்தால் என்ன ஆகும்? தண்ணீர் வெளியேற வழியில்லாமல் டயருக்கு அடியில் புகுந்துகொள்ளும்; டயர் தரையை விட்டு எழும்பித் தண்ணீரின் மேல் மிதக்கும். அப்போது கார் மோட்டார் வாகனம் அல்ல. சுக்கான் இல்லாத படகு.

மதுரையிலிருந்து தெற்கே போகிற சாலை அகலமான நாலு வழிச் சாலை. ஸ்ரீநகரில் புறப்பட்டுக் கன்னியாகுமரியில் கடலைப் பார்க்கிற 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை அது. திருமங்கலம் தாண்டியதும் இரு பக்கமும் கரிசல் காடு விரிகிறது. கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிற அந்த மண், ஒரு மழை பெய்தால் வெண்ணெய் போலக் குழைந்துவிடும். செருப்பில் ஒட்டினால் செருப்பே ஒரு வீசை கனக்கும். அந்தக் காலத்தில் இரும்புப் பட்டை போட்ட மாட்டுவண்டிகள் ஐப்பசியில் அச்சு வரைக்கும் புதைந்து நிற்குமாம். ரப்பர்ச் சக்கரம் பூட்டிய 'டயர் வண்டி' வந்த பிறகுதான் மாடுகளுக்குக் கொஞ்சம் நல்ல காலம் பிறந்தது. இன்றைக்கு டிராக்டர்கள் அதே கரிசலை உழுதுவிட்டு, சக்கரத்தில் அப்பிய சேற்றோடு தார்ச் சாலையில் ஏறுகின்றன. வயல் பாதை வந்து நெடுஞ்சாலையில் சேருகிற இடங்களிலெல்லாம் கறுப்புச் சாலையில் கறுப்புச் சேறு. கண்ணுக்கே தெரியாது. அந்த இடத்தில் காலை வைத்தாலும் வழுக்கும், காரை விட்டாலும் வழுக்கும்.

இன்னொரு விசேஷம். நெடுங்காலம் மழையில்லாமல் கிடந்த சாலையில் லாரிகள் சிந்திய எண்ணெய், தேய்ந்த ரப்பர்த் தூள், புழுதி எல்லாம் படிந்து கிடக்கும். முதல் தூறல் விழுந்ததும் அவை கரைந்து மேலே மிதந்து, விளக்கெண்ணெய் பூசியது போலாகிவிடும். சோவென்று அரை மணி பெய்து கழுவிவிட்ட சாலையை விட, அந்த முதல் பத்து நிமிஷத்துச் சாலை பொல்லாதது. அடிக்கடி மழை பெய்கிற ஊர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. வறண்ட சீமைக்குத்தான் இந்தச் சாபக்கேடு.

போன தீபாவளிக்கு என் மதினியோடு இந்தச் சாலையில் போனேன். கார் அவளுடையது, ஓட்டுகிறவளும் அவளே. பின் ஸீட்டில் இரண்டு குழந்தைகளும் என் பெரியப்பாவும். மதுரையில் டயரைப் பார்த்த ஒருவர், "இன்னும் ஐயாயிரம் கிலோமீட்டர் ஓடும், பயமில்லாமல் போய் வாருங்கள்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். மதினிக்கு அதில் சமாதானம் இல்லை. விருதுநகரில் ஒரு டயர்க் கடை வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிட்டாள். கடைக்காரர் எழுந்து வந்து குனிந்து, டயரின் வாய்க்காலுக்குள் கட்டைவிரலை விட்டுப் பார்த்தார்.

"அக்கா, பட்டனெல்லாம் போயிருச்சே!" என்றார்.

டயரின் மேல் புடைத்து நிற்கிற கட்டைகளை இந்தப் பக்கத்தில் 'பட்டன்' என்றுதான் சொல்கிறார்கள். பட்டன் போன டயர் 'மொட்டை டயர்'.

"ஐயாயிரம் கிலோமீட்டர் ஓடும்னாங்களே, அண்ணாச்சி?"

"ஓடும்க்கா, யாரு இல்லேன்னா? வெயில்ல ஓடும். மழையில ஓடும், ஆனா நிக்காது."

ஒரு புஸ்தகம் எழுதினாலும் இதை விடத் தெளிவாகச் சொல்ல முடியாது என்று தோன்றியது எனக்கு.

அவர் குனிந்து காட்டியதை நீங்களும் உங்கள் வீட்டுக் காரில் பார்க்கலாம். வாய்க்காலின் அடியில் அங்கங்கே குறுக்கே ஒரு சின்ன ரப்பர் மேடு இருக்கும். அது எந்த இடத்தில் இருக்கிறது என்று டயரின் பக்கவாட்டில் ஒரு முக்கோணமோ, டி.டபிள்யூ.ஐ. என்ற ஆங்கில எழுத்துக்களோ காட்டும். மேடும் பட்டனும் சமமாகிவிட்டால் 1.6 மில்லிமீட்டர்தான் மிச்சம் என்று அர்த்தம். கார் டயருக்கு நம் நாட்டுச் சட்டம் அனுமதிக்கிற கடைசி எல்லை அது. ஆனால் சட்டத்தின் எல்லை வேறு, மழையின் எல்லை வேறு. 3 மில்லிமீட்டருக்குக் கீழே போனதுமே மழைக்கால டயர் என்ற பெயரை அது இழந்துவிடுகிறது என்பது என் அபிப்பிராயம். அளப்பதற்குக் கருவி வேண்டாம். சிவகாசித் தீப்பெட்டியிலிருந்து ஒரு குச்சியை எடுத்து, மருந்தில்லாத முனையை வாய்க்காலுக்குள் நிறுத்தி, பட்டன் மட்டத்துக்கு நகத்தால் ஒரு கோடு போட்டு, பையனுடைய ஸ்கேலில் வைத்துப் பாருங்கள். ஒரு டயரில் மூன்று இடத்தில் பாருங்கள். உள் ஓரத்தை மறக்காதீர்கள். வீல் அலைன்மெண்ட் கோணலாயிருந்தால் வெளி ஓரம் புதுசு போல இருக்கும், உள் ஓரம் மொட்டையாயிருக்கும்.

மதினி கையில் புடவைக்கென்று எடுத்து வைத்த பணம் இருந்தது. நாலு டயருக்கு அது போதாது. மேலே கொஞ்சம் போட வேண்டும். ஐந்து நிமிஷம் குழந்தைகளைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "காட்டுங்க அண்ணாச்சி, மழைக்கு எது நல்லது?" என்றாள்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்குத்தான் இத்தனை தூரம் வந்தேன்.

கடையில் 'சம்மர் டயர்' என்று பேச்சு வந்தால் மலைக்காதீர்கள். பனி பெய்கிற தேசங்களில் குளிர்காலத்துக்கு ஒரு ஜோடி, கோடைக்கு ஒரு ஜோடி என்று வேட்டி மாற்றுவது போல டயர் மாற்றுவார்கள். வெப்பம் 7 டிகிரிக்குக் கீழே போனால் கோடை டயரின் ரப்பர் விறைத்துவிடும். விருதுநகரில் 7 டிகிரி என்று சொன்னால் சிரிப்பார்கள்! நமக்கு வருஷம் பூராவும் சம்மர்தான். ஆகவே பனிப் படம் போட்ட டயரைத் தேடிப் போகவே வேண்டாம். நம் வெயிலில் அந்த மெத்து ரப்பர் சீக்கிரம் கரைந்துவிடும்.

'ஹை பெர்ஃபார்மன்ஸ்' என்று ஒரு வார்த்தை சொல்லுவார்கள். பெரும்பாலும் அது வேகத்தைப் பற்றிய பெருமை. டயரின் பக்கவாட்டில் 185/65 ஆர் 15 88 எச் என்பது போல ஒரு ஜாதகம் எழுதியிருக்கும். அகலம் 185 மில்லிமீட்டர். அதில் நூற்றுக்கு 65 பங்கு உயரம். 'ஆர்' என்றால் ரேடியல். 15 அங்குல டிஸ்க். 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும். 'எச்' என்றால் மணிக்கு 210 கிலோமீட்டர் வரைக்கும் தாக்குப் பிடிக்கும். அதற்கு மேலே 'வி' என்றால் 240. சாத்தூர்ச் சாலையில் 240 கிலோமீட்டர் வேகத்தில் போய் யாருக்குக் காராச்சேவு வாங்கப்போகிறோம்? வேக எழுத்து உயர்ந்ததாயிருந்தால் ரப்பரும் கட்டுமானமும் தரமாயிருக்க வாய்ப்புண்டு என்பது உண்மையே. ஆனால் ஈரத்தில் பிடிக்குமா என்பதை அந்த எழுத்து சொல்லாது. கார்க்காரர் விதித்த எழுத்துக்குக் கீழே போகாமல் இருந்தால் போதும்.

ஈரத்துக்கு வேறு சாட்சிகள் உண்டு. ஐரோப்பாவில் 2012 முதல் டயருக்கு ஒரு சீட்டு ஒட்டி, ஈரச் சாலையில் எப்படி நிற்கிறது என்று வகுப்புப் பிரித்திருக்கிறார்கள். முதல் வகுப்பு டயருக்கும் கடைசி வகுப்பு டயருக்கும், 80 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் போட்டால் நிற்கிற தூரத்தில் 18 மீட்டர் வரை வித்தியாசம் இருக்கலாம் என்று அப்போது சொன்னார்கள். ஒன்றரை பஸ் நீளம்! முன்னால் லாரி நிற்கிறபோது ஒன்றரை பஸ் நீளம் என்பது சாமானியமா? அமெரிக்க முறைப்படி சில டயர்களில் 'டிராக்ஷன்' என்று போட்டு இரட்டை ஏ, ஏ, பி, சி என்று அச்சிட்டிருப்பார்கள். அது ஈரத் தரையில் நேராக நிறுத்திப் பார்த்த பரீட்சையின் மார்க்கு. 'பி' என்றிருந்தால் நான் வேறு டயர் கேட்பேன். நம் நாட்டிலும் 2022-ல் மத்திய சர்க்கார், கார், லாரி, பஸ் டயர்களுக்கு ஈரப் பிடிப்பும் உருளும் சத்தமும் இன்ன அளவில் இருக்க வேண்டும் என்று விதி செய்தது. புது மாதிரி டயர்களுக்கு அந்த வருஷம் அக்டோபர் முதல் தேதியிலிருந்து அமல். அது குறைந்தபட்ச மார்க்கு; பாஸானவர்களில் முதல் மார்க்கு யார் என்பதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

டயர் கறுப்பாயிருப்பதற்குக் காரணம் அதில் கலக்கிற கரி. கரிசல் பூமிக்கும் டயருக்கும் நிறத்தில் ஓர் உறவு! 1990-களின் தொடக்கத்தில் பிரெஞ்சுக்காரர்களின் மிஷலின் கம்பெனி, கரியில் பெரும் பகுதியைக் குறைத்து சிலிக்கா என்ற மணல் ஜாதிப் பொருளைக் கலந்தது. ஈரத்தில் பிடிப்பு கூடியது, பெட்ரோலும் மிச்சமாயிற்று. "சிலிக்கா சேர்ந்ததா?" என்று கடையில் கேளுங்கள். கடைக்காரர் உங்களை ஒரு தடவை நிமிர்ந்து பார்ப்பார். அதன் பிறகு விலை சொல்லுகிற தொனியே வேறாகிவிடும். மதினி விஷயத்தில் அப்படித்தான் ஆயிற்று.

ஒன்று மட்டும் ஞாபகத்தில் வையுங்கள். நன்றாகப் பிடிக்கிற மெத்து ரப்பர் சீக்கிரம் தேயும். 'எண்பதாயிரம் கிலோமீட்டர் ஓடும்' என்று ஒருவர் மார்தட்டினால், 'மழையில் எப்படி?' என்று ஒரு கேள்வியைப் போட்டுவிடுங்கள். ஆயுசும் வேண்டும், பிடிப்பும் வேண்டும் என்றால் விலை ஏறும். மூன்றும் சேர்ந்து மலிவாகக் கிடைக்கிற டயரை நான் இன்னும் பார்க்கவில்லை.

டயரைச் சுற்றி நீளமாக ஓடுகிற அகல வாய்க்கால்கள் மூன்றோ நாலோ இருப்பது மழைக்கு நல்லது. அம்புக்குறி போட்ட டயரானால் அம்பு பார்க்கிற திசையில்தான் உருள வேண்டும். மாற்றிப் பூட்டினால் வாய்க்கால் தண்ணீரை வெளியே தள்ளுவதற்குப் பதில் உள்ளே இழுக்கும். 'அவுட்சைட்' என்று எழுதிய பக்கம் வெளியே இருக்க வேண்டும். கடைப் பையன்கள் அவசரத்தில் இருக்கிற தீபாவளி நேரம். நின்று பார்த்துக்கொள்வது உத்தமம். காலேஜ்ப் பிள்ளைகள் அழகுக்காக அகலமான டயர் போடச் சொல்லுவார்கள். தட்டையான பலகை தண்ணீரில் மிதப்பது போல, அகல டயர் சீக்கிரம் மிதக்கும். காரோடு வந்த அளவே மழைக்குச் சரி.

பிறந்த தேதியையும் பாருங்கள். பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 2324 என்றால் 2024-ஆம் வருஷத்தின் 23-வது வாரம். மூன்று வருஷம் வெயில்படும் கொட்டகையில் கிடந்த டயரைப் புதுசு என்று தலையில் கட்டினால் சம்மதிக்காதீர்கள். விருதுநகர் வெயிலுக்கு ரப்பர் வற்றல் போல வறண்டு, பட்டன் இருந்தும் பிடிப்பில்லாமல் போகும். வெளி வாசலிலேயே நிற்கிற, அதிகம் ஓடாத கார்களுக்கு இந்த ஆபத்து அதிகம்.

மதினி முதலில், "இப்போ ரெண்டு போட்டுட்டு, பொங்கலுக்கு ரெண்டு போட்டா என்ன?" என்று கேட்டாள். போடலாம். ஆனால் புது ஜோடியை எங்கே போடுவது? ஸ்டீயரிங் இருக்கிற முன் பக்கத்தில்தான் என்று பத்துப் பேரில் ஒன்பது பேர் சொல்லுவார்கள். தப்பு! பின்னால்தான் போட வேண்டும். முன் டயர் வழுக்கினால் கார் நேரே போகப் பார்க்கும். காலைத் தளர்த்தினால் பெரும்பாலும் அடங்கிவிடும். பின் டயர் வழுக்கினால் காரின் வால் முன்னே வந்துவிடும். கை தேர்ந்த டிரைவருக்கே அதைத் திருத்துவது கஷ்டம். என்ஜின் முன் சக்கரத்தை ஓட்டுகிற காரானாலும் இதே விதிதான். இதைச் சொன்னதும் மதினி, "அப்போ நாலுமே போட்டுருங்க" என்று முடித்துவிட்டாள். அந்த வருஷம் புடவை கிடையாது.

டயர் மாட்டுகிற நேரத்தில் எண்ணெய்ப் பரோட்டா சாப்பிட்டோம். அப்படியே எண்ணெயில் பொரித்து எடுக்கிற அந்தப் பரோட்டாவை விருதுநகருக்கு வெளியே யாரும் இவ்வளவு மொறுமொறுப்பாகப் போடுவதில்லை. விருதுப்பட்டி என்று பெயரிருந்த காலத்திலிருந்தே இது வியாபார ஊர். வற்றலும் மல்லியும் பருப்பும் எண்ணெயும் இங்கே என்ன விலை என்பதைத் தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் தனியாகப் போடுகின்றன. 1903-ல் காமராஜர் பிறந்த ஊர். அவர் வீடு நினைவில்லமாக நிற்கிறது. சின்ன வீடு. குழந்தைகளுக்குக் காட்டிவிட்டுப் போங்கள்.

பெரியப்பா பரோட்டாக் கடையில் இன்னொரு கதை சொன்னார். மதராஸில் திருவொற்றியூரில் 1946-ல் மாம்மன் மாப்பிள்ளை என்பவர் குழந்தைகள் ஊதுகிற பலூன் செய்ய ஒரு சின்னப் பட்டறை போட்டார். அந்தப் பலூன் பட்டறைதான் 1961-ல் டயர் செய்ய ஆரம்பித்து எம்.ஆர்.எஃப். ஆயிற்று. "பலூன்காரன் டயர் செஞ்சதும் சரிதான். ரெண்டும் காத்து வியாபாரம்தானே!" என்றார் பெரியப்பா.

காற்று என்றதும் நினைவு வருகிறது. மழையில் டயருக்குக் காற்றுதான் உயிர். 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் நாசாவின் லாங்லி ஆராய்ச்சிக் கூடத்தில், ஈர ஓடுதளத்தில் விமானங்கள் ஏன் வழுக்குகின்றன என்று பரீட்சை செய்தார்கள். வாய்க்கால் உதவாத அளவுக்குத் தண்ணீர் நின்றால் டயர் எந்த வேகத்தில் மிதக்கும் என்பதைக் காற்றின் அழுத்தத்தைக் கொண்டே சொல்லலாம் என்று கண்டார்கள். அந்தக் கணக்குப்படி 32 பவுண்டு காற்றுள்ள டயர் மணிக்கு ஏறக்குறைய 94 கிலோமீட்டரில் மிதக்கும். 24 பவுண்டுக்கு இறங்கினால் 82 கிலோமீட்டரிலேயே மிதக்கும். விமான டயருக்குப் போட்ட கணக்கு இது. கார் டயர் இன்னும் குறைந்த வேகத்திலேயே எழும்பலாம். 'மழைக்குக் காற்றைக் கொஞ்சம் குறைத்தால் நல்லாப் பிடிக்கும்' என்று பஞ்சர் கடைகளில் ஒரு சாஸ்திரம் உலவுகிறதே, அதை நம்ப வேண்டாம். டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். ஆள் குறைவாயிருந்தால் இவ்வளவு, சுமை நிறைந்தால் இவ்வளவு என்று அதில் போட்டிருக்கும். திரும்பி வரும்போது ஐந்து பேரும் பட்டாசுப் பெட்டிகளும் இருக்கும். ஆகவே சுமைக் கணக்கையே பாருங்கள். வண்டி ஓடிச் சூடாவதற்கு முன் பார்க்க வேண்டும்.

விருதுநகரிலிருந்து சிவகாசி 30 கிலோமீட்டருக்கும் குறைவு. ஆமத்தூர் வழியாகத் திருத்தங்கல், அப்புறம் சிவகாசி. நெடுஞ்சாலையின் அகலம் இங்கே இல்லை. எதிரே தீப்பெட்டி லாரிகளும், ஆலை வேலைக்குப் போகிற பெண்களை ஏற்றிய வேன்களும் வரும். நாங்கள் திருத்தங்கலை நெருங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. அதுவரை காய வைத்திருந்த சரக்கையெல்லாம் ஆலைகளில் அவசர அவசரமாக எடுத்துக்கொண்டிருப்பார்கள். மழை நாளில் அவர்களுக்கு வேலையும் இல்லை, கூலியும் குறைவு. ஒரு பள்ளத்தில் தண்ணீர் தேங்கியிருந்ததை மதினி கவனித்து, முன்கூட்டியே காலை எடுத்து, ஐம்பதுக்கு இறங்கி, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு தாண்டினாள். ஸ்டீயரிங் திடீரென்று லேசாகிவிட்டது போலத் தோன்றினால் டயர் மிதக்கிறது என்று அர்த்தம். அப்போது பிரேக்கை அழுத்தக் கூடாது, திருப்பவும் கூடாது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை மெதுவாக எடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். வேகம் இறங்கியதும் டயர் தானே தரையைப் பற்றிக்கொள்ளும். இப்போதைய கார்களில் ஏ.பி.எஸ். என்று ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் அது பார்த்துக்கொள்ளும். ஆனால் மொட்டை டயருக்குப் பட்டன் முளைக்க வைக்க அதனால் ஆகாது.

எதிரே ஒரு வேன் சட்டென்று குறுக்கே திரும்பியது. மதினி பிரேக்கை அழுத்தினாள். கார் நின்றது. வேனுக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு மாட்டுவண்டி நிற்கிற அளவு இடம் இருந்தது. பின்னால் பெரியப்பா, "புடவை போச்சேன்னு பாத்தேன். வண்டி நின்னுச்சு" என்று மட்டும் சொன்னார். மதினி ஒன்றும் சொல்லவில்லை. வைப்பரைக் கொஞ்சம் வேகமாக வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

சிவகாசியில் சாமான் வாங்கிய பிறகு நேரமிருந்தால் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய் ஆண்டாளைச் சேவித்து, பால்கோவா வாங்கிக்கொண்டு வரலாம். தமிழ்நாட்டு அரசின் முத்திரையில் இருக்கிற கோபுரத்தை நேரில் பார்த்த மாதிரியும் இருக்கும். அல்லது சாத்தூர் வழியாகத் திரும்பினால் காராச்சேவு உண்டு. எந்த வழியானாலும் இருட்டுவதற்கு முன் நெடுஞ்சாலையில் ஏறிவிடுங்கள்.

ஆனால் பட்டாசுப் பெட்டிகளை டிக்கியில் அடுக்குவதற்கு முன்னால் ஸ்டெப்னியை வெளியே எடுத்துக் காற்றுப் பாருங்கள். பெரும்பாலான கார்களில் அது டிக்கியின் தரைக்கு அடியில் படுத்திருக்கிறது. வழியில் பஞ்சரானால், கொட்டுகிற மழையில், கம்பி மத்தாப்பிலிருந்து சங்கு சக்கரம் வரைக்கும் ஒவ்வொரு பெட்டியாக இறக்கிச் சாலையோரத்தில் வைத்துவிட்டுத்தான் அதை எடுக்க முடியும்.